கத்தி கையில் இருந்தது. ஆயினும் அது தற்கொலை அன்று: கழுத்தில் கூராயுதக் காயத்தால் நேர்ந்த ஒரு மரணத்தின் நிகழ்வு ஆய்வு

நடுத்தர வயதுடைய ஓர் ஆணின் உடல், படுக்கையறைத் தரையில், கட்டிலின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டி அமர்ந்த நிலையில் காணப்பட்டது. தாடை மார்பில் கவிழ்ந்திருந்தது. வலக்கை விரல்கள் ஒரு கத்தியின் பிடியைத் தளர்வாகச் சுற்றியிருந்தன. கழுத்தின் முன்புறத்தில் அகன்று பிளந்த ஓர் அறுப்புக் காயமும், அதன் இட முனையை ஒட்டிச் சில மெல்லிய கீற்றுகளும் இருந்தன. இறந்தவர் சில மாதங்களாக மனச்சோர்வுடன் இருந்தார் என்று வீட்டிலிருந்தவர்கள் கூறினர். கத்தி, கீற்றுகள், மனச்சோர்வு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது, விசாரணையின் முதல் குறிப்பிலேயே 'தற்கொலை எனத் தோன்றுகிறது' என்ற வாசகம் இடம்பெற்றுவிட்டது.

இங்கே விவரிக்கப்படுவது, இத்தகைய மரணங்களில் அடிக்கடி எதிர்ப்படும் கூறுகளைக் கொண்டு பயிற்சிக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு. எந்தத் தனி மனிதரையும் இது குறிக்காது. கழுத்துக் காயத்தை மட்டும் பார்த்து, அது தானே ஏற்படுத்திக்கொண்டதா, பிறர் ஏற்படுத்தியதா என்று முடிவு செய்ய முடியாது. நிகழ்விடம், உடை, கைகள், இரத்தம் ஓடிய திசை ஆகியவற்றைப் பதிவு செய்த பிறகே காயத்திடம் வர வேண்டும். இந்த வரிசை மாறினால் சில உண்மைகளை மீண்டும் பெறவே முடியாது என்பதால், ஆய்வு நடந்த வரிசையிலேயே அதை இங்கே சொல்கிறேன்.

நிகழ்விடம்

தலைமாட்டுச் சுவரில், மெத்தையின் மட்டத்துக்குச் சற்றே மேலே, வளைகோடாக மேலேறி இறங்கும் இரத்தத் துளி வரிசைகள் இருந்தன. தமனி அறுபட்டால், இதயம் துடிக்கும்தோறும் அழுத்தம் ஏறி இறங்குவதற்கேற்ப இரத்தம் பீறிட்டு இத்தகைய வரிசையை உண்டாக்கும். மெத்தையின் தலையணைப் பகுதி அடிவரை ஊறியிருந்தது. உடல் அமர்ந்திருந்த இடத்திலோ சிறிதளவே இரத்தம் தேங்கியிருந்தது. கட்டிலின் விளிம்பிலிருந்து அந்த இடம் வரை தேய்ப்புத் தடம் ஒன்று சென்றது.

கட்டிலில் இருந்தபடியே கழுத்தை அறுத்துக்கொண்டு, பிறகு அவராகவே கீழே சரிந்து அமர்ந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் தரப்பட்டது. அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட இயலாது. கழுத்தில் பெருங்காயம் பட்டவர்கள் சில அடி நடந்ததும், கதவைத் திறந்ததும் சட்ட மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்திகளே. ஆனால் அந்த விளக்கம் உண்மையானால், கட்டிலிலிருந்து எழும்போதும் இறங்கும்போதும் சிந்திய துளிகள் இருக்க வேண்டும். சட்டையின் முன்புறம் மேலிருந்து கீழாக நனைந்திருக்க வேண்டும். அவை இருந்தனவா என்பதே அடுத்த கேள்வி.

உடலை நகர்த்துவதற்கு முன்பே கைகள் இரண்டும் காகித உறைகளால் மூடிக் கட்டப்பட்டன. பிளாஸ்டிக் உறையில் ஈரம் தேங்கி, இரத்தக் கறையின் வடிவத்தையும் நகங்களுக்கு அடியில் உள்ள டி.என்.ஏ. தடயத்தையும் கெடுத்துவிடும். அறையின் வெப்பமும் உடலின் உள்வெப்பமும் அங்கேயே குறித்துக்கொள்ளப்பட்டன.

கழுவுவதற்கு முன்

உடற்கூறாய்வு மேசையில் முதலில் எழும் தூண்டுதல், இரத்தத்தைக் கழுவிவிட்டுக் காயத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். இந்த நிகழ்வில் மிக வலுவான சான்று அந்த இரத்தத்திலேயே இருந்தது. காயத்தின் இரு முனைகளிலிருந்தும் புறப்பட்ட உலர்ந்த ஓட்டங்கள், காதுமடலுக்குக் கீழாகப் பின்கழுத்தை நோக்கிச் சென்று, தலைமுடியில் உறைந்திருந்தன. புவியீர்ப்புக்கு எதிராக இரத்தம் ஓடாது. பின்கழுத்தை நோக்கி ஓட வேண்டுமென்றால், அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது அது ஓடியிருக்க வேண்டும். மார்பில் மேலிருந்து கீழாக இறங்கிய தடம் எதுவும் இல்லை. சட்டையின் முன்பக்கத்தில் கழுத்துப்பட்டியைச் சுற்றி மட்டுமே ஊறல் இருந்தது. முதுகுப்புறத் துணியோ தோள் வரை தோய்ந்திருந்தது. உள்ளங்கால்களில் ஒரு துளிகூட இல்லை.

சட்டை முதுகில் சுருண்டு அக்குள் வரை ஏறியிருந்ததையும், கீழ் முதுகில் மஞ்சள் நிறத்தில் தோல்தாள்போல் உலர்ந்த சில உராய்வுகள் இருந்ததையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். அந்த உராய்வுகளுக்கு அடியில் இரத்தக்கசிவு இல்லை. இரத்த ஓட்டம் நின்ற பின்போ நிற்கும் தறுவாயிலோ, அக்குளில் கைகொடுத்து உடலை இழுத்தால் உண்டாகும் அடையாளங்களோடு இவை பொருந்துகின்றன. தேய்ப்புத் தடத்துக்கும் இதுவே விளக்கம்.

கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; இங்கேதான் எதிர்வாதங்கள் அதிகம் எழும். கத்தி பிடித்திருந்த உள்ளங்கை தூய்மையாக இருந்தது. இதையே கொலைக்கான சான்றாக எழுதிவிடுவது பிழை. பிடியை இறுகப் பற்றிய கையின் உட்புறத்தில் இரத்தம் படாமல் இருப்பது இயல்பே. ஆனால் பற்றியிருந்த கை, தான் மூடிய பகுதியில் பிடியையும் இரத்தம் படாமல் காத்திருக்க வேண்டும். அந்தப் பகுதியில் பிடியின்மேல் உலர்ந்த இரத்தப் பூச்சு இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த உள்ளங்கையில் அதன் சுவடு இல்லை. அதாவது, பிடியில் படிந்த இரத்தம் உலர்ந்த பிறகே அந்தக் கை அதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. விரல்கள் கத்தியை இறுகப் பற்றியிருக்கவும் இல்லை. இறக்கும் கணத்திலேயே தசை இறுகிப் பிடிக்கும் அரிய நிலை உண்டு. அத்தகைய பிடியைப் பிறகு எவராலும் செயற்கையாக உருவாக்க முடியாது என்பதால் அதற்குப் பெரும் மதிப்பு உண்டு. இங்கே கண்டது அதுவன்று. கையில் வைக்கப்பட்ட பொருளைச் சுற்றிப் பிற்பாடு ஏற்பட்ட வழக்கமான பிண விறைப்பு மட்டுமே.

இடக்கையை விரித்தபோது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோல்மடிப்பில் ஆழமான வெட்டும், மற்ற விரல்களின் உட்புற மடிப்புகளில் ஒரே நேர்கோட்டில் அமைந்த வெட்டுகளும் தென்பட்டன. விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தால் அவை ஒரே கோடாக இணைந்தன: கத்தியின் அலகைக் கையால் பிடித்துத் தடுத்தபோது உண்டான தற்காப்புக் காயம் இது. விறைத்து மடங்கிய கையை விரிக்காமல் புறங்கையை மட்டும் பார்த்து 'காயம் இல்லை' என்று எழுதப்பட்டிருந்தால், இந்த நிகழ்வின் போக்கே மாறியிருக்கும். தற்காப்புக் காயம் இல்லாததால் கொலை இல்லை என்றும் ஆகாது. உறங்குபவர், மயக்கத்தில் இருப்பவர், எதிர்பாராமல் தாக்கப்படுபவர், கைகள் கட்டப்பட்டவர் ஆகியோரிடம் அவை இருக்க வேண்டியதில்லை.

காயம்

முதன்மைக் காயம், தலையை இயல்பு நிலையில் வைத்து அளந்தபோது 13 செ.மீ. நீளம் இருந்தது. இடப்புறத்தில் தாடைக் கோணத்துக்குக் கீழே தொடங்கி, குரல்வளையின் முன்புறத்தில் உள்ள தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிக் கடந்து, வலப்புறத்தில் சற்றுத் தாழ்ந்து, வால்போல் மெலிந்து தோலோடு முடிந்தது. ஓரங்கள் நேர்த்தியாக இருந்தன. பிளவுக்குள் இரு ஓரங்களையும் இணைக்கும், அறுபடாத திசுப் பாலங்கள் இல்லை. ஓரத்தில் சிராய்ப்பு இல்லை. ஆகவே இது கூரிய விளிம்பால் ஆன அறுப்பு என்பதில் ஐயமில்லை. கழுத்தை நிமிர்த்தினால் பிளவு அகன்று அச்சமூட்டும்; கவிழ்த்தால் வெறும் கோடாகிவிடும். எனவே இரு நிலைகளிலும் ஒளிப்படம் எடுத்து, எந்த நிலையில் அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும். அறுப்பின் நீளத்திலிருந்து அலகின் நீளத்தைக் கணக்கிட இயலாது. சிறிய அலகும் நீண்ட அறுப்பை உண்டாக்கும்.

இடமிருந்து வலமாகச் சென்ற அறுப்பு என்பதால் எதை நிறுவ முடியும்? வலக்கைப் பழக்கம் உள்ளவர் தன் கழுத்தில் ஏற்படுத்திக்கொள்ளும் காயமும், வலக்கைப் பழக்கம் உள்ள ஒருவர் பின்னாலிருந்தோ தலைமாட்டிலிருந்தோ மற்றொருவருக்கு ஏற்படுத்தும் காயமும் பெரும்பாலும் இதே திசையில்தான் செல்லும். திசையை மட்டும் வைத்துத் தற்கொலை என்றோ கொலை என்றோ சொல்லும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

இனி, இட முனையில் இருந்த மூன்று மெல்லிய கீற்றுகள். தானே ஏற்படுத்திக்கொள்ளும் காயங்களில், முதன்மை அறுப்புக்கு அருகே, இணையாக, ஆழமின்றிக் காணப்படும் கீற்றுகளைத் தயக்கக் காயங்கள் என்பர். முதல் குறிப்பை எழுதியவர் இவற்றை அப்படியே கொண்டார். உருப்பெருக்கியின் கீழ் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. மூன்றில் இரண்டு, முதன்மைக் காயத்தின் மேல் ஓரத்தில் அதன் தொடர்ச்சியாகவே துண்டுபட்டு நின்றன. தாடையைக் கீழே இறக்கி, தலையை இடப்பக்கம் திருப்பித் தோலில் மடிப்பு விழச் செய்தபோது அவை முதன்மைக் காயத்தோடு ஒரே கோட்டில் பொருந்தின. மடிப்பு விழுந்த தோலின்மேல் அலகு ஒருமுறை செல்லும்போது, மடிப்பின் முகடுகள் மட்டும் அறுபட்டு, தோல் விரிந்த பின் அவை தனித்தனிக் கீற்றுகளாகத் தெரியும். மூன்றாவது கீற்று கழுத்திலேயே இல்லை. தாடை எலும்பின் விளிம்பைத் தாண்டி மோவாயின்மேல் ஏறி, அங்கிருந்த தாடிமயிரைச் சீராகக் கத்தரித்திருந்தது. கழுத்தை இலக்காகக் கொண்டு தயங்கியவரின் கீற்றுகள் முதன்மைக் காயத்துக்கு இணையாக அமைவதே வழக்கம். இதுவோ குறுக்கே சென்றது. அசையும் தலையின்மேல் அலகு வழுக்கிச் சென்றால் இப்படி நேரும்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொலையிலும் ஆழமற்ற இணைக் கீற்றுகள் வருவதுண்டு, மிரட்டுவதற்காகக் கத்தியை வைத்து அழுத்தும்போதும், பாதிக்கப்பட்டவர் திமிறும்போதும் அவை உண்டாகும். தயக்கக் காயமே இல்லாத தற்கொலைகளும் உண்டு. 'தயக்கக் காயம்' என்ற சொல்லுக்குள் ஒரு முடிவு ஒளிந்திருப்பதால், உடல் வருணனைப் பகுதியில் 'ஆழமற்ற கீற்றுக் காயம்' என்று மட்டும் எழுதி, விளக்கத்தைக் கருத்துப் பகுதிக்கு விடுவதே நேர்மையான முறை.

உட்புற ஆய்வு

கழுத்துச் சிரை திறந்துவிட்டால், மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பினுள் ஏற்படும் தாழ்ந்த அழுத்தம் காற்றை உறிஞ்சி இதயத்துக்குக் கொண்டுசெல்லும். இந்தக் காற்றடைப்பைச் சோதிக்காமல் மண்டையோட்டையோ கழுத்தையோ திறந்தால், அறுபடும் சிரைகளின் வழியே புதிதாகக் காற்று நுழைந்து சோதனையையே பொய்யாக்கும். ஆகவே முதலில் மார்பின் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. பின்னர், மார்பெலும்பின் மேல்பகுதியையும் அதைக் காறை எலும்போடு இணைக்கும் மூட்டுகளையும் தொடாமல் மார்பு திறக்கப்பட்டது. இதய உறையில் நீர் நிரப்பி, நீருக்கடியில் வலக்கீழறையைத் துளைத்தபோது நுரைத்த இரத்தத்தோடு குமிழிகள் வெளிவந்தன. அளவு மிகுதியாக இல்லை. மல்லாந்து படுத்த உடலில், கழுத்து இதய மட்டத்துக்கு வெகு உயரத்தில் இல்லாதபோது, அது வியப்புமன்று. அழுகல் வாயு இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், உடலில் அழுகல் தொடங்கவில்லை என்பதும் பதிவு செய்யப்பட்டது. சி.டி. வசதி உள்ள இடத்தில், உடலைத் திறப்பதற்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த விடை தரும்.

மார்பு உறுப்புகளையும் மூளையையும் எடுத்து, எஞ்சிய இரத்தம் வடிந்த பிறகே கழுத்து அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டது. கூராயுதக் காயத்துக்கு இவ்வளவு நிதானம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. கழுத்தை நெரித்து மயக்கிவிட்டுப் பிறகு அறுத்திருந்தால், நெரித்ததன் அடையாளங்களை அறுப்புக் காயமே மறைத்துவிடும். சிரைகளில் இரத்தம் நிறைந்திருக்கும்போது பிரித்தால், கைபட்டுக் கசியும் இரத்தமும் நெரிப்பின் கசிவுபோலவே தோன்றும். இங்கே, நெரிப்பில் முறியக்கூடிய நாவடி எலும்பு முறியவில்லை. ஆழத் தசைகளில், வெட்டுக்கு அப்பால், கசிவு இல்லை.

கழுத்தின் பக்கவாட்டில் செல்லும் இட ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசை பெரும்பகுதி அறுபட்டிருந்தது. இடப் பொதுக் கழுத்துத் தமனி, அது இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெட்டுண்டிருந்தது. அருகிலிருந்த உட்கழுத்துச் சிரையின் முன்சுவர் திறந்திருந்தது. முழுதும் அறுபட்ட தமனியின் முனைகள் சுருங்கி உள்ளிழுத்துக்கொள்ளும். பகுதி அறுபட்ட தமனியால் அப்படிச் சுருங்க முடியாது. சுவரில் கண்ட நீண்ட வரிசைகளுக்கு இது பொருத்தமான காரணம். வலப்புறப் பெருங்குழாய்கள் சிதையவில்லை. நாவடி எலும்புக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் இடைப்பட்ட சவ்வு பிளந்து, தொண்டை வெளிப்புறத்தோடு இணைந்திருந்தது.

தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு தனித்தனி வெட்டுப்பள்ளங்கள் இருந்தன. தோலில் ஒரே காயம். குருத்தெலும்பில் இரண்டு: ஆகக் குறைந்தது இரண்டு இழுப்புகள். எத்தனை முறை அறுக்கப்பட்டது என்ற கேள்விக்குத் தோலைவிடக் குருத்தெலும்பே நம்பகமான சாட்சி. அந்தப் பகுதி வெட்டி எடுக்கப்பட்டு, கொதிக்க வைக்காமல் பாதுகாக்கப்பட்டு, சிலிகான் வார்ப்பும் எடுக்கப்பட்டது. ஆனால் அலகு நீளவாட்டில் இழுபடும்போது, பற்களுள்ள கத்திகூட அந்தப் பற்களின் வரிகளைத் தானே அழித்துக்கொண்டு செல்லும். ஆகவே வரிகள் இல்லாததால் அது பற்களற்ற கத்தி என்று எழுதவில்லை. கைப்பற்றப்பட்ட கத்தியால் இக்காயம் ஏற்பட்டிருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளப்பட்டது.

முகத்தோலை உட்புறமிருந்து பிரித்தபோது, வெளியே எதுவும் தெரியாத மோவாயின் வலப்புறத்தில் மூன்று சிறு வட்டக் கன்றல்களும் இடப்புறத்தில் ஒன்றும் இருந்தன. கீழுதட்டின் உட்புறம் பற்களின்மேல் அழுந்திக் கிழிந்திருந்தது. வாயைப் பொத்தி மோவாயைப் பின்னுக்கு இழுத்த ஒரு கையின் அடையாளம் இது என்பதே என் கருத்து. தாடி மறைத்த இந்தக் கன்றல்களை வெளி ஆய்வு மட்டும் காட்டியிருக்காது.

உயிரோடு இருக்கும்போதே காயம் ஏற்பட்டது என்பதற்கான சான்றுகள் தெளிவாக இருந்தன. மூச்சுக்குழாயில் நுரையோடு கலந்த இரத்தம், நுரையீரலின் வெட்டுமுகத்தில் திட்டுத்திட்டாக உள்ளிழுக்கப்பட்ட இரத்தம், இரைப்பையில் விழுங்கிய சிறிது இரத்தம், இதய இடக்கீழறையின் உட்சுவரில் தீக்கொழுந்து வடிவ இரத்தக்கசிவு, சுருங்கிய மண்ணீரல், வெளிறிய சிறுநீரகங்கள் ஆகியவை அவை. இறந்த பின் உடலின் தாழ்ந்த பகுதிகளில் இரத்தம் தேங்குவதால் தோன்றும் பிண நீலம் மிக மங்கலாக இருந்தது. நுண்ணோக்கியில், காயத்தை நோக்கி வெள்ளணுக்கள் திரளும் எதிர்வினை தென்படவில்லை. அதற்கு நேரம் தேவை, இங்கே நேரம் இருக்கவில்லை.

தொடைச் சிரையிலிருந்து கிடைத்த சிறிதளவு இரத்தத்திலும் கண்ணின் படிகநீரிலும், தூக்கம் தரும் ஒரு மருந்து சிகிச்சை அளவில் இருந்தது. அவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தே அது. அதைக் கொடுத்தவர் யார் என்பது உடற்கூறாய்வால் விடை காண முடியாத கேள்வி; இடக்கையில் ஒரே ஒரு தடுப்பு மட்டுமே இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

கருத்து

மரணத்துக்கான காரணம், இடப் பொதுக் கழுத்துத் தமனியும் உட்கழுத்துச் சிரையும் அறுபட்டதால் ஏற்பட்ட பேரளவு இரத்தப்போக்கு. இரத்தம் மூச்சுப்பாதையில் சென்றதும் காற்றடைப்பும் துணைக் காரணங்கள். காயங்கள் பிறரால் ஏற்படுத்தப்பட்டவை. உடல் மல்லாந்த நிலையில் இருந்தபோது ஏற்பட்டவை. பின்னர் உடல் நகர்த்தப்பட்டு, கத்தி கையில் வைக்கப்பட்டுள்ளது. சந்தேகத்துக்குரியவர் எவரேனும் இருந்தால் அவருடைய கைகளை உடனே ஆய்வு செய்ய வேண்டும் என்றும் விசாரணை அலுவலருக்குத் தனியே தெரிவிக்கப்பட்டது. கை அலகின்மேல் வழுக்காமல் காக்கும் தடை பிடியில் இல்லாத கத்தி இரத்தத்தில் நனைந்து வழுக்கும்போது, பிடித்தவரின் சுட்டுவிரல் உட்புறமே முதலில் அறுபடும். அந்தக் காயம் சில நாட்களில் ஆறிவிடும்.

இரண்டு கேள்விகள் எழுப்பப்பட்டன. முதலாவது, அறுபட்ட பின் அவர் தாமாக இறங்கி அமர்ந்திருக்க முடியாதா என்பது. கழுத்தைச் சுற்றி அழுத்தப்பட்டை கட்டி மூளைக்குச் செல்லும் இரத்தத்தை முழுதும் நிறுத்திய, 1943-இல் வெளியான ஆய்வில், இளைஞர்கள் சுமார் 5 முதல் 10 வினாடிகளில் நினைவிழந்தனர். ஒருபக்கத் தமனி மட்டும் பகுதி அறுபட்ட இவருக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கிடைத்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. எனவே விடை வினாடிக் கணக்கை நம்பி நிற்கவில்லை: மெத்தை ஊறிய அளவு, கழுத்துப்பட்டிக்குக் கீழே சட்டையின் தூய முன்புறம், உள்ளங்கால்கள், பின்கழுத்தில் உறைந்த ஓட்டம் ஆகிய நான்கும் அவர் எழவில்லை என்றே காட்டுகின்றன.

இரண்டாவது, அடுத்த அறையில் இருந்தவர் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று கூறியது நம்பத்தக்கதா என்பது. அறுப்பு குரல்நாண்களுக்கு மேலே அமைந்தது, நாண்கள் சிதையவில்லை. நாண்களுக்குக் கீழே மூச்சுக்குழாய் அறுபட்டிருந்தால் குரலே எழுந்திருக்காது. இங்கே ஓசை எழும்ப இயலும். ஆனால் காற்று பிளவின் வழியே வெளியேறுவதால் அது சொற்களாக உருப்பெறுவது கடினம். அறுப்புக்கு முன்னோ, வாய் பொத்தப்பட்டிருக்கிறது. ஆகவே சத்தம் கேட்டிருக்கவே வேண்டும் என்றும், கேட்டிருக்க வாய்ப்பே இல்லை என்றும் உடற்கூறாய்வின் அடிப்படையில் சொல்ல இயலாது என்றே விடை எழுதப்பட்டது. அந்தச் சாட்சியின் நம்பகத்தன்மையை நிறுவுவது விசாரணையின் பொறுப்பாக விடப்பட்டது.